நீலக் குழந்தைகளின் பின்வரலாறு

மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோரிடையே நெடுங்காலமாக ஒரு மரபு வழங்கி வருகின்றது. சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவு திறக்கும் வேளையிலே அவர்களுடைய வரலாறு தொடங்கும். நோயாளி கண்விழிக்கும் வேளையிலே முடிந்துவிடும். இடையிலே கத்தியேந்திய ஒரு பெரியார் நிற்பார். அவருக்கு முன்னர் ஆய்வுகூடத்தில் உழைத்தோரும், அவருக்குப் பின்னர் ஐம்பது அறுபது ஆண்டுகள் அச்சிகிச்சையின் தழும்போடு வாழ்ந்தோரும் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. களத்திலே யானையை வீழ்த்திய வீரனைப் பாடிய புறநானூறு, வேலைச் செய்து கொடுத்த கொல்லனுக்கும் ஒரு வரியை ஒதுக்கிற்று. மருத்துவ வரலாறோ அந்த ஒரு வரியைக் கொடுப்பதற்கும் பல ஆண்டுகள் தயங்கியது.

பிறவியிலேயே இதயம் பழுதுபட்ட குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையின் வரலாற்றை, இதயத்தின் பக்கத்திலிருந்து நோக்காது, இதயத்திலிருந்து சுவாசப்பைகளுக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் சுவாசப்பை நாடியின் பக்கத்திலிருந்து நோக்கினால், மேற்சொன்ன மரபு மறைத்த இரு சாராரையும் ஒருங்கே காணலாம்.

முதலில் அந்நாடியின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். நம்முடைய மொழியிலே ‘நாடி’ என்பது வைத்தியர் கைபிடித்துப் பார்க்கும் துடிப்பையும் குறிக்கும். விஞ்ஞானப் பாடநூல்களில் இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுசெல்லும் குழாயையும் குறிக்கும். உடலிலுள்ள ஏனைய நாடிகள் ஒட்சிசன் நிறைந்த செங்குருதியைச் சுமக்க, சுவாசப்பை நாடி ஒன்றே ஒட்சிசன் குறைந்த கருங்குருதியைச் சுமந்து செல்கின்றது. இதயத்தின் வலது பாதி அதனைச் சுவாசப்பைகளுக்கு அனுப்ப, அங்கு காற்றோடு கலந்து செந்நிறம் பெற்ற குருதி இடது பாதிக்குத் திரும்பிப் பெருநாடி வழியே உடலெங்கும் பரவுகின்றது. பெருநாடியிலே சராசரி அமுக்கம் ஏறத்தாழ 90 மில்லிமீற்றர் இரசம். சுவாசப்பை நாடியிலோ ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் மட்டுமே. ஆதலின் அதன் சுவர் மெல்லியது. அது மென்மையான வேலைக்கென அமைந்தது. இவ்வேறுபாட்டை மனத்திலிருத்தினால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

(இச்சுற்றோட்டத்தை முதலில் விளக்கியவர் ஐரோப்பியர் அல்லர் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். 13ஆம் நூற்றாண்டில் தமஸ்குவிலும் கெய்ரோவிலும் வாழ்ந்த அரபு மருத்துவர் இப்னு அந்நபீஸ், குருதி இதயத்தின் வலப்புறத்திலிருந்து சுவாசப்பைகளுக்கூடாகவே இடப்புறத்தை அடைகின்றது என்று எழுதிவைத்தார். அவருடைய கைப்பிரதி பேர்லின் நூலகத்திலே கிடந்ததை 1924இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் எடுத்துக் காட்டும்வரை அப்பெருமை முழுவதும் பிறர்க்கே உரியதாயிருந்தது.)

1888இல் பிரான்சின் மார்செய் நகரத்து மருத்துவர் ஃபலோ என்பவர் ‘நீல நோய்’ பற்றி எழுதினார். அந்நோயுடன் பிறந்த குழந்தைகளின் இதயத்தில் நான்கு குறைகள் ஒன்றாய் அமைந்திருந்தன. சுவாசப்பை நாடிக்குச் செல்லும் வழி ஒடுங்கியிருந்தது. இரு இதயவறைகளுக்கும் இடையிலுள்ள பிரிசுவரிலே துவாரம் இருந்தது. பெருநாடி அத்துவாரத்தின் மேலே விலகி அமைந்திருந்தது. வலது இதயவறையின் சுவர் தடித்திருந்தது. சுவாசப்பைக்குச் செல்லவேண்டிய கருங்குருதி வழியடைபட்டுத் துவாரத்தினூடே பெருநாடியிற் கலந்தது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரித்தன. சில அடி நடந்ததும் அக்குழந்தைகள் குந்தியிருந்து மூச்சுவாங்கின. பலர் பள்ளிப் பருவத்தைக் காணவில்லை. ஃபலோ நோயைப் பெயரிட்டுச் சொன்னார். மாற்று வழி எதுவும் அவர் காலத்தில் இல்லை. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் மருத்துவர்கள் இக்குழந்தைகளின் இதயங்களைப் பிரேத பரிசோதனை மேசையிலேயே ஆராய்ந்தனர்.

இந்நிலையை மாற்றத் துணிந்தவர் ஹெலன் டவுசிக் என்னும் பெண்மணி. 1898இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்திலே பிறந்தவர். தந்தையார் ஹார்வாட் பல்கலைக்கழகத்துப் பொருளியற் பேராசிரியர். ஆயினும் அப்பல்கலைக்கழகத்து மருத்துவப் பீடம் 1945 வரை பெண்களை மாணவராக ஏற்கவில்லை. மகளுக்குத் தந்தையின் பல்கலைக்கழகமே கதவடைத்தது. போல்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1927இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1930இல் அங்கே சிறுவர் இதயநோய்ப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் அது மதிப்புள்ள பதவியன்று. ஒன்றும் செய்ய இயலாத நோயாளரைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. போதாக்குறைக்கு அவருடைய செவிப்புலனும் மங்கியது. இதயத்தின் ஒலியைக் குழாய் வைத்துக் கேட்க இயலாதவர், குழந்தையின் மார்பிலே விரல்களை வைத்து அதன் அதிர்வை உணரப் பழகினார். கதிர்ப்படத் திரையிலே இதயத்தின் நிழலை உற்று நோக்கினார்.

அங்ஙனம் நோக்கியவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. கருவிலிருக்கும் குழந்தைக்குப் பெருநாடியையும் சுவாசப்பை நாடியையும் இணைக்கும் சிறு கான் ஒன்று உண்டு. பிறந்த சில நாட்களில் அது மூடிக்கொள்ளும். நீலக் குழந்தைகளுள் அக்கான் மூடாதிருந்தோர் ஓரளவு நலமாயிருந்தனர். மூடியதும் அவர்களுடைய நிலை மோசமாயிற்று. ஆயின் அக்கானைச் செயற்கையாக அமைத்தால் என்ன? பொஸ்ரன் நகரத்து ரொபேட் குறோஸ் என்னும் சத்திரவைத்தியர் 1938இல் மூடாத கானைக் கட்டி மூடிப் புகழ்பெற்றிருந்தார். டவுசிக் அவரிடம் சென்று தம் கருத்தைச் சொன்னார். மூடுவதில் வெற்றிகண்டவருக்குத் திறப்பதில் அக்கறை பிறக்கவில்லை. 1941இல் ஜோன்ஸ் ஹொப்கின்சுக்குச் சத்திரசிகிச்சைத் தலைவராக அல்பிரட் பிளலொக் வந்தபின்னரே அக்கருத்துக்குச் செவிசாய்ப்போர் கிடைத்தனர்.

‘செவிசாய்ப்போர்’ என்று பன்மையிற் கூறுவதற்குக் காரணமுண்டு. பிளலொக்கோடு நாஷ்வில் நகரிலிருந்து வந்தவர் விவியன் தோமஸ். 1910இல் லூசியானா மாநிலத்திலே பிறந்த கறுப்பின இளைஞர், தச்சுத் தொழிலாளி. கல்லூரிப் படிப்புக்கெனக் கூலியிலிருந்து மிச்சம்பிடித்து வைத்திருந்த பணம், 1930இல் பொருளாதார மந்தத்திலே வங்கி முறிந்தபோது அழிந்தது. அதே ஆண்டில் வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்திலே பிளலொக்கின் ஆய்வுகூடத்தில் வேலைக்கமர்ந்தார். சில மாதங்களில் விலங்குகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யவும் இரசாயன அளவீடுகளை எடுக்கவும் ஆய்வுக் குறிப்புகளை எழுதவும் கற்றுக்கொண்டார். ஆய்வாளர் செய்யும் வேலையைச் செய்தவரைப் பல்கலைக்கழகத்துச் சம்பளப் புத்தகம் துப்புரவுத் தொழிலாளி என்றே வகுத்திருந்தது. உழைப்பு ஒன்று, அதற்குரிய பெயரும் கூலியும் வேறொன்று என்ற நிலை நிறவேற்றுமையும் வர்க்கவேற்றுமையும் ஒன்றோடொன்று பின்னிய சமுதாயத்திலே வியப்புக்குரியதன்று. தச்சனின் கை நாடியைத் தைக்கும் கையாயிற்று என்பதே வியப்புக்குரியது.

வண்டர்பில்ற்றிலே அவர்கள் செய்த ஒரு பரிசோதனையை இங்கு குறிப்பிடவேண்டும். சுவாசப்பை நாடியிலே அமுக்கம் மிகுந்தால் என்ன நேரும் என்றறிய, நாயின் கைக்குச் செல்லும் நாடியை வெட்டிச் சுவாசப்பை நாடியோடு பொருத்தினர். எதிர்பார்த்த உயரமுக்கம் உண்டாகவில்லை; பரிசோதனை தோல்வியென ஒதுக்கப்பட்டது. சுவாசப்பை நாடிக்குத் தீங்குசெய்யும் நோக்கோடு தொடங்கிய அப்பொருத்தே சில ஆண்டுகளின்பின் டவுசிக்கின் வினாவுக்கு விடையாயிற்று. ஆனால் தோல்வியுற்ற அப்பரிசோதனைக்குள் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருந்தது. அதனை எவரும் அன்று உணரவில்லை; அதற்கு நாம் பின்னர் வருவோம்.

ஜோன்ஸ் ஹொப்கின்சிலே தோமஸ் ஏறத்தாழ இருநூறு நாய்களில் இவ்வேலையைப் பயின்றார். முதலில் நாயிடத்து நீல நோயை ஒத்த நிலையை உண்டாக்கவேண்டும். பின்னர் அதனை நீக்கவேண்டும். குழந்தையின் நுண்ணிய நாடியைத் தைப்பதற்கேற்ற ஊசி அன்றில்லை. அவர் ஊசிகளை வெட்டிச் சிறிதாக்கித் தீட்டிக்கொண்டார். நாடியைப் பற்றும் இடுக்கிகளையும் தேவைக்கேற்பத் திருத்தி அமைப்பித்தார். பிளலொக் சில தடவைகள் அவருக்கு உதவியாக நின்று பார்த்திருந்தாரேயன்றி, இச்சிகிச்சையை முழுமையாகத் தாமே செய்து பழகியிருக்கவில்லை.

1944 நவம்பர் 29ஆம் திகதி பதினைந்து மாதப் பெண்குழந்தையொன்று சத்திரசிகிச்சை மேசையிற் கிடத்தப்பட்டது. அதன் நிறை ஏறத்தாழ 4 கிலோகிராம். பிளலொக் கத்தியை எடுக்குமுன் தோமசை அழைத்துவரச் செய்தார். தோமஸ் அவருடைய தோளுக்குப் பின்னே ஒரு முக்காலியின்மேல் நின்று, எவ்விடத்தில் வெட்டுவது, தையலை எத்திசையிற் கொண்டுசெல்வது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இடக்கைக்குச் செல்லும் நாடி இடது சுவாசப்பை நாடியோடு பொருத்தப்பட்டது. குழந்தை பிழைத்தது, சில மாதங்களின்பின் மீண்டும் நீலம் பாரித்து, மறு சிகிச்சையின்பின் இரண்டாவது பிறந்தநாளைக் காணுமுன் இறந்தது. 1945 பெப்ரவரியில் மேலும் இருவருக்குச் சிகிச்சை செய்யப்பட்டது. அவ்விருவருள் ஆறு வயதுச் சிறுவனின் உதடுகள் மேசையிலேயே செந்நிறம் பெற்றதைக் கண்டோர் அதனைத் தம் வாழ்நாளில் மறக்கவில்லை. 1951க்குள் அவ்வொரு வைத்தியசாலையிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இச்சிகிச்சை நடைபெற்றது. அமெரிக்காவின் பல பாகங்களிலிருந்தும் கடல்கடந்தும் பெற்றோர் நீலக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தனர்.

மூன்று நோயாளர் பற்றிய கட்டுரை 1945 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. பிளலொக், டவுசிக் என இரு பெயர்கள் அதிலிருந்தன. தோமசின் பெயர் நன்றியுரையிலும் இல்லை. அதே ஆண்டில் பிளலொக் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்துக்குத் தெரிவானார்; டவுசிக்குக்கு அக்கழகத்தின் கதவு 1973இலேயே திறந்தது. தோமஸ் பல ஆண்டுகள், குடும்பச் செலவுக்குச் சம்பளம் போதாமையால், மாலை வேளைகளில் விருந்துகளிலே மதுபானம் பரிமாறும் வேலையும் பார்த்தார். பிளலொக்கின் இல்லத்து விருந்துகளும் அவற்றுள் அடங்கும். பகலிலே தம்மிடம் தையல் கற்ற இளம் சத்திரவைத்தியர்களுக்கு இரவிலே அவர் கிண்ணம் நிரப்பினார். பிளலொக்கைக் கொடியவராகச் சித்திரிப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. தோமசின் ஆற்றலை அவர் நன்கறிந்திருந்தார், தம்மோடு அவரை வைத்துக்கொள்ளப் போராடியுமிருக்கிறார். ஆயினும் ஒரு மனிதனின் தனிப்பட்ட மதிப்பு, ஓர் ஒழுங்குமுறையின் அநீதியைத் தானாகவே அழித்துவிடுவதில்லை. 1971இலே தோமசின் உருவப்படம் வைத்தியசாலையில் வைக்கப்பட்டது. 1976இல் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் வழங்கிற்று, அதுவும் மருத்துவத்திலன்று, சட்டத்தில். 1985இல் அவர் காலமானார். 1989இல் வெளியான ஒரு சஞ்சிகைக் கட்டுரையும் 2004இல் வந்த தொலைக்காட்சிப் படமும் அவருடைய வரலாற்றைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றன. பிளலொக்–டவுசிக் பொருத்து என்று வழங்கியதை இன்று பலர் பிளலொக்–டவுசிக்–தோமஸ் பொருத்து என வழங்குகின்றனர்.

வழக்கமான வரலாறு, திருத்தப்பட்ட நிலையிலும், இங்ஙனம் முடிந்துவிடும். குழந்தைகளுக்கோ இதுவே தொடக்கம்.

பிளலொக் பொருத்திய நாடி ஒடுங்கியது. ஆகவே அது சுவாசப்பைக்கு அளவோடு குருதியைக் கொடுத்தது. குழந்தை வளர வளர அந்த அளவு போதாமற்போயிற்று. 1946இல் சிக்காகோ நகரத்து வில்லிஸ் பொற்ஸ் வேறொரு வழி கண்டார். கைநாடியைத் தொடாது, கீழிறங்கும் பெருநாடியையே இடது சுவாசப்பை நாடியோடு பக்கம்பக்கமாகத் தைத்தார். 1962இல் இலண்டனில் டேவிட் வோட்டர்ஸ்ரன் மேலேறும் பெருநாடியை வலது சுவாசப்பை நாடியோடு இணைத்தார். கைக்குழந்தையிலும் விரைவிற் செய்யக்கூடிய சிகிச்சைகள் இவை. இப்பொருத்துகள் குழந்தையோடு சேர்ந்து வளர்ந்தன. அவ்வளர்ச்சியே தீங்காயிற்று. துவாரம் ஓரிரு மில்லிமீற்றர் பெரிதானாலும், 15 மில்லிமீற்றர் அமுக்கத்துக்கென அமைந்த மெல்லிய நாடி பெருநாடியின் முழு வேகத்தையும் தாங்க நேர்ந்தது. வோட்டர்ஸ்ரன் பொருத்திலே வலது சுவாசப்பை நாடி இழுபட்டு வளைந்தது; ஒரு சுவாசப்பைக்கு வெள்ளமும் மற்றதற்கு வறட்சியும் ஏற்பட்டன. வண்டர்பில்ற்றிலே நாய்களில் உண்டாக்க முயன்று இயலாதுபோன அந்த உயரமுக்கம், பல்லாண்டுகளின்பின் மனிதக் குழந்தைகளிலே தோன்றியது. பரிசோதனை பொய்க்கவில்லை, அதற்குப் போதிய காலம் கொடுக்கப்படவில்லை.

உயரமுக்கம் நாடியை என்ன செய்யும் என்பது வேறொரு பிறவிக் குறையினால் ஏற்கெனவே தெரிந்த செய்தி. பிரிசுவரிலே பெருந்துவாரம் மட்டும் இருக்கும் குழந்தையிடத்து, இடப்பக்கத்துக் குருதி வலப்பக்கத்துக்குப் பாய்ந்து சுவாசப்பைகளிலே வெள்ளமாகும். இக்குழந்தை முதலில் நீலம் பாரிப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, சுவாசப்பைக்குள்ளிருக்கும் நுண்ணாடிகள் அவ்வெள்ளத்தைத் தடுப்பனபோலத் தம் சுவரைத் தடிப்பாக்கிக்கொள்ளும், வழி ஒடுங்கும், ஈற்றில் வலப்பக்கத்து அமுக்கம் இடப்பக்கத்தை மிஞ்சி, கருங்குருதி எதிர்த்திசையிற் பாயும். அந்நிலையில் துவாரத்தை மூடுவது நோயாளியைக் கொல்வதற்குச் சமம். 1897இல் வியன்னாவின் ஐசன்மெங்கர் விவரித்த இந்நிலையை 1958இல் இலண்டனின் போல் வுட் தெளிவாக வரையறுத்தார். அதே ஆண்டில் ஹீத், எட்வேட்ஸ் என்னும் இருவர் நாடிச்சுவரின் சிதைவை ஆறு படிகளாக வகுத்தனர். தொடக்கப் படிகள் மீளக்கூடியன. இறுதிப் படிகள் மீளாதன. ஆதலால் காலமே இங்கு மருந்து. 1952இல் முல்லர், டமன் ஆகியோர் சுவாசப்பை நாடியைச் சுற்றி ஒரு பட்டியைக் கட்டி ஒடுக்கி, குழந்தை பெருஞ்சிகிச்சைக்கு வளரும்வரை நுண்ணாடிகளைக் காக்கும் முறையைக் கொண்டுவந்தனர். சத்திரவைத்தியர் அருகிலிருக்கும் நாட்டிலே முதலாண்டிலேயே மூடப்படும் துவாரம், வறிய நாட்டிலே பன்னிரண்டு வயதிற் கண்டுபிடிக்கப்பட்டு மூடவியலாததாகி விடுகின்றது. நோய் ஒன்றே; நாடிச்சுவரின் தடிப்பிலே நாட்டின் வறுமையை அளவிடலாம்.

பொருத்துகள் தற்காலிகமானவை என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். இதயத்தைத் திறந்து குறைகளை நேரே திருத்தவேண்டும். இதனை மினியாபொலிஸ் நகரிலே 1954இல் வோல்ற்றன் லில்லிஹை தொடங்கினார். இதயத்தை நிறுத்திவைக்கும் பொறி அன்று நம்பத்தக்கதாயிருக்கவில்லை. ஆதலால் இன்னொரு மனிதனின் இதயத்தையும் சுவாசப்பைகளையும் குழந்தைக்காக இயக்கினார். தாயோ தந்தையோ பக்கத்து மேசையிற் படுத்திருக்க, அவருடைய குருதியோட்டம் குழந்தையின் குருதியோட்டத்தோடு இணைக்கப்பட்டது. அவ்வாறு 45 பேருக்குச் சிகிச்சை நடந்தது; 28 பேர் உயிரோடு வீடு திரும்பினர். 1954 ஆகஸ்ட் 31இல் ஃபலோவின் நான்கு குறைகளும் முதன்முறையாகத் திருத்தப்பட்டபோது, அப்பத்து வயதுச் சிறுவனின் அரிய குருதிவகை பெற்றோரிடம் இருக்கவில்லை. முன்பின் அறியாத ஒரு வீதி வேலைத் தொழிலாளி, தாமும் பிள்ளைகளின் தந்தை, அம்மேசையிலே படுக்க இசைந்தார். ஒரே சத்திரசிகிச்சையில் இருவரும் இறக்கக்கூடும் என்பதை அறிந்தே இசைந்தார்.

இச்சிகிச்சைக்குச் சத்திரவைத்தியர்கள் சூட்டிய பெயர் ‘பூரண திருத்தம்’. இப்பெயரின் வரலாற்றுப் பங்கைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஒடுங்கிய வழியை அகலமாக்குவதற்கு, சுவாசப்பை நாடியின் வாயிலே வால்வு இருக்கும் வளையத்தையும் வெட்டி ஒட்டுப்போட வேண்டியிருந்தது. அங்ஙனம் ஒட்டியபின் வால்வு செயலற்றது. வலது இதயவறை ஒவ்வொரு துடிப்பிலும் நாடிக்குள் அனுப்பிய குருதியில் ஒரு பகுதி திரும்பி வழிந்தது. பொருத்துகளின் தீமை மிகையான அமுக்கம் என்றால், இதன் தீமை மூடாத கதவு. ஆயினும் குழந்தை நீலம் மாறி ஓடி விளையாடியது, பள்ளிக்குச் சென்றது, திருமணம் செய்துகொண்டது. வால்வு இல்லாமையை இதயம் பொறுத்துக்கொள்ளும் என்றே ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் பாடநூல்களும் பேராசிரியர்களும் போதித்தனர். ‘பூரணம்’ என்று சொன்னபின் நோயாளியை ஆண்டுதோறும் அழைத்துப் பார்ப்பதற்கு நியாயம் ஏது? பலரிடம், இனி வரவேண்டியதில்லை என்றே சொல்லப்பட்டது.

அக்காலத்திலேயே வேறுவகையாக நடந்துகொண்டவர் ஒருவருண்டு. டவுசிக் தம்மிடம் வந்த குழந்தைகளை மறக்கவில்லை. 1963இல் ஓய்வுபெற்ற பின்னும், இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பொருத்துச் செய்யப்பட்டவர்கள் எங்குள்ளனர், என்ன தொழில் செய்கின்றனர், பிள்ளை பெற்றனரா, எதனால் இறந்தனர் என்று தேடி விசாரித்து, 1970களில் தொடர் கட்டுரைகளாக எழுதினார். வெற்றி நாளுக்குப்பின் வினாவைத் தொடர்வது புகழ் தரும் வேலையன்று. என் மதிப்பீட்டில், அவர் 1944இல் செய்ததினும் இது குறைந்ததன்று.

பின்னர் வந்த கணக்கெடுப்புகள் அவருடைய கவலையை உறுதிப்படுத்தின. 1955 முதல் 1960 வரை மாயோ வைத்தியசாலையிலே திருத்தம் பெற்று முதன்மாதத்தைக் கடந்த 163 பேரின் வரலாறு 1993இல் வெளியாயிற்று. 32 ஆண்டுகளின்பின் அவர்களுள் நூற்றுக்கு 86 பேர் உயிருடன் இருந்தனர். அதே வயதுப் பொதுமக்களில் நூற்றுக்கு 96 பேர். பன்னிரண்டு வயதுக்கு மேலே சிகிச்சை பெற்றோருள் அத்தொகை 76ஆக இருந்தது. முன்னர் பிளலொக் பொருத்துச் செய்யப்பட்டவர்கள் அதனால் பின்தங்கவில்லை. பொற்ஸ், வோட்டர்ஸ்ரன் பொருத்துகளைப் பெற்றவர்களோ பின்தங்கினர். தோமஸ் நாய்களிலே பயின்ற அந்த ஒடுங்கிய நாடி, தன் ஒடுக்கத்தாலேயே சுவாசப்பைகளைக் காத்திருந்தது. 2000இல் ஆறு வைத்தியசாலைகளின் 793 நோயாளரைப் பற்றி வெளியான ஆய்வு, திடீர் மரணத்துக்கும் ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறுக்கும் அடிப்படையாயிருந்த முக்கிய குறை வால்வின் வழியே திரும்பி வழியும் குருதியே என்று காட்டிற்று. ‘பூரணம்’ என்னும் சொல் அத்தோடு மெல்ல வழக்கிழந்தது. இன்று ‘சீரமைப்பு’ என்ற பொருளுடைய அடக்கமான சொல்லையே அறிஞர்கள் கையாள்கின்றனர்.

சொல் மாறியபின் நாடியைப் பேணும் முறைகளும் பெருகின. ஒடுங்கிய கிளைகளைத் தொடைவழியாகச் செலுத்தும் சிறு ‘பலூன்’ கொண்டு விரிப்பதும், உலோக வலைக்குழாய் வைத்துத் தாங்குவதும் 1980களிலிருந்து வழக்குக்கு வந்தன. 2000இல் பாரிசிலே பிலிப் பொன்ஹோஃபர், பசுவின் கழுத்து நாளத்திலிருந்து எடுத்த வால்வை மார்பைத் திறவாமலே பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் பழைய செயற்கைக் குழாயினுள் பொருத்தினார். ஒரே இதயவறையோடு பிறந்த குழந்தைகளில், உடலின் கருங்குருதியை இதயத்தை விலக்கி நேரே சுவாசப்பை நாடிக்குச் செலுத்தும் முறையும் வளர்ந்தது. அதன் முதற்படியை 1956இலேயே சோவியத் நாட்டின் மெஷால்கின் நோயாளரிற் செய்து வெளியிட்டிருந்தார். 1958இல் வெளிவந்த அமெரிக்கர் கிளெனின் பெயரே மேற்குலகில் நிலைத்தது. 1968இல் பிரான்சின் போர்தோ நகரில் ஃபொன்ரன் அதனை மேலும் முன்கொண்டு சென்றார். இந்நோயாளருக்குச் சுவாசப்பை நாடியே வாழ்வு. அதன் பின்னே தள்ளும் இதயவறை இல்லாமையால், சிறிதளவு தடையும் அவர்களுக்குத் தாங்கவொண்ணாதது. மற்றுமொன்று: தீமை விளைவித்ததெனக் கைவிடப்பட்ட பொற்ஸ் பொருத்து 2004 அளவில் மீண்டும் வந்தது. சுவாசப்பை உயரமுக்கம் முற்றிய சிறுவரில், அமுக்கத்துக்கு ஒரு வடிகாலாகக் குருதியை எதிர்த்திசையிலே பெருநாடிக்குள் விடுவதற்கு அதனையே பயன்படுத்துகின்றனர்.

பிழைத்தவர்கள் வளர்ந்துவிட்டனர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கடுமையான பிறவி இதயக்குறையுள்ளோருள் 2000ஆம் ஆண்டளவில் ஏறத்தாழப் பாதிப்பேர் வயதுவந்தோராயிருந்தனர். முன்னொருகால் சிறுவர் நோயென்று மட்டுமே கருதப்பட்டதற்கு இன்று முதியோரும் உளர். பழைய பொருத்தைச் சுமப்போருள் பலருக்கு இடக்கையிலே நாடித்துடிப்பு எட்டுவதில்லை. அதனை அறியாத இளம் வைத்தியர் அக்கையிலே குருதியமுக்கத்தை அளந்து திகைப்பதுண்டு. சிறுவர் வைத்தியசாலை பதினாறு அல்லது பதினெட்டு வயதோடு அவர்களை அனுப்பிவிடுகின்றது. வயதுவந்தோருக்கான பிரிவிலோ, மாரடைப்பை நன்கறிந்த வைத்தியர்களுள் பலருக்குப் பிறவிக்குறை புதிது. இவ்விடைவெளியிலே வேலை தேடும் இளைஞரும் காப்புறுதி இல்லாத தொழிலாளரும் வழிதவறிப்போகின்றனர். பத்தாண்டுகளின்பின் மூச்சுத்திணறி மீண்டும் வரும்போது வலது இதயவறை மீளமுடியாதபடி வீங்கியிருக்கும். வறிய நாடுகளிலே முதற் சிகிச்சையே பெரும்பாலோர்க்கு எட்டாதிருக்க, அதனைப் பெற்றோர்க்கும் இருபதாம் ஆண்டிலே பார்ப்பதற்கு ஒரு பதிவேடு இருப்பது அரிது.

பொருத்தப்படும் வால்வுகளும் நிலையானவை அல்ல. விலங்கின் இழையாலான வால்வு பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலே தேய்ந்துவிடும். வளரும் பிள்ளையிடத்து அதனிலும் விரைவாக. ஒரு வயதிலே சீரமைப்புப் பெற்ற குழந்தைக்குப் பதினைந்து வயதில் முதல் வால்வு வைக்கப்பட்டால், அது அறுபதை எட்டுமுன் இன்னும் மூன்று நான்கு தடவை சுவாசப்பை நாடியின் வாயிலை யாராவது திறக்கவேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் அதற்கொரு படுக்கையும், படம்பிடிக்கும் பொறியும், பழைய குறிப்பேட்டை வாசிக்கத்தெரிந்த ஒரு வைத்தியரும், விடுப்புக் கொடுக்கும் ஒரு முதலாளியும் வேண்டும்.